கேட்டரிங் படிக்கப் போகிறீர்களா? சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் செய்ய வேண்டியவை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பேக்கரிக்கு வரும் அம்மாக்களில் இரண்டு பேராவது ரொட்டி வாங்கியதோடு போகாமல் நின்று கேட்பார்கள். "பையன் நல்லா சமைப்பான்மா, கேட்டரிங் சேத்துவிடலாமா?"

நன்றாகச் சமைப்பது நல்லதுதான். ஆனால் கேட்டரிங் படிப்புக்கு அது முதல் காரணம் ஆகாது. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரமாதமாக பிரியாணி செய்கிற பிள்ளை, அதே பிரியாணியை அதே உப்பு, அதே காரம், அதே பதத்தோடு செவ்வாய்க்கிழமையும் செய்ய வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் செய்ய வேண்டும். இருநூறு பேருக்கும் செய்ய வேண்டும், நாலு பேருக்கும் செய்ய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம்தான் கேட்டரிங் கல்லூரி.

எனக்கு இந்த வித்தியாசம் சின்ன வயதிலேயே கண்ணில் பட்டது. என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். வீட்டில் கண்ணளவு, கையளவு. பள்ளிக்கூடத்தில் தலைக்கு நூறு கிராம் அரிசி என்று எண்ணி, தராசில் நிறுத்துப் போடுவார். வீட்டுச் சாம்பாரில் அவர் கைப்பக்குவம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் ஒரு ஒழுங்கு இருந்தது, எந்தப் பிள்ளைக்கும் குறையாது, எந்த நாளும் மாறாது. நான் கேட்டரிங் படித்து, பதினோரு வருடம் ஹோட்டல் கிச்சனில் நின்று கற்றுக்கொண்டது அந்த இரண்டாவது சமையலைத்தான். கைப்பக்குவம் அம்மாவிடம் வந்தது, கல்லூரியில் அல்ல.

இனி, சேர நினைப்பவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

சேருவதற்கு முன் ஒரு மாதம் அடுப்படியில் நில்லுங்கள்

விண்ணப்பம் வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. தேர்வு முடிந்த விடுமுறையில் உங்கள் ஊர் மெஸ்ஸிலோ, பேக்கரியிலோ, கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவரிடமோ போய் ஒரு மாதம் கூடமாட வேலை செய்கிறேன் என்று கேளுங்கள். சமைக்க விடமாட்டார்கள். வெங்காயம் உரிக்கச் சொல்வார்கள், பாத்திரம் எடுத்துவைக்கச் சொல்வார்கள். பரவாயில்லை. நீங்கள் அங்கே பார்க்கப் போவது உங்களைத்தான்.

பத்து மணி நேரம் நின்றால் காலும் இடுப்பும் என்ன சொல்கின்றன? மே மாதச் சூட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது எரிச்சல் வருகிறதா, அல்லது நேரம் போனதே தெரியவில்லையா? ஊரே தீபாவளி கொண்டாடும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள். பொங்கலுக்கும் அப்படித்தான், புத்தாண்டு இரவிலும் அப்படித்தான். மற்றவர்கள் விடுமுறையில் சாப்பிட வரும் நேரம்தான் நம் வேலை நேரம். இது மனதுக்கு ஒத்துவருமா என்பதை ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டால் மூன்று வருடக் கட்டணம் மிச்சம். ஒத்துவந்தால், முதல் நாள் வகுப்புக்குப் போகும்போதே மற்றவர்களைவிட நீங்கள் ஒரு படி மேலே இருப்பீர்கள்.

எந்தப் படிப்பு, எதற்கு

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. யாரும் ஏமாற்றாமலே ஏமாறுகின்றன. "ஹோட்டல் மேனேஜ்மென்ட்" என்ற படிப்பில் சமையல் நான்கில் ஒரு பங்குதான். ஃபுட் ப்ரொடக்‌ஷன் என்பது சமையல். மற்ற மூன்றும் பரிமாறுவது, அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங், வரவேற்பைப் பார்க்கும் ஃப்ரண்ட் ஆபீஸ். கட்டில் விரிப்பை மடிப்பில்லாமல் போடுவதற்கும் மதிப்பெண் உண்டு. இது வீண் என்று சொல்லவில்லை. பின்னாளில் சொந்தக் கடை வைத்தபோது பரிமாறும் பாடம்தான் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் சமையல் மட்டும் போதும் என்று நினைக்கிற பிள்ளை, இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபுட் டெக்னாலஜி வேறு, கேட்டரிங் வேறு. தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்தில் படிப்பது உணவைப் பதப்படுத்துவது, கெடாமல் அடைப்பது, தொழிற்சாலை அளவில் தயாரிப்பது பற்றிய பொறியியல். அதன் பி.டெக். படிப்புக்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். சமையல் மேல் ஆசை கொண்டு அங்கே சேர்ந்த பிள்ளைகளையும், வேதியியல் மேல் ஆசை வைத்து கேட்டரிங்கில் சேர்ந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

கேட்டரிங் பக்கம் பெரிய வாசல், ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வரும் ஐ.எச்.எம். எனப்படும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனங்கள். சென்னைத் தரமணியில் இருக்கும் ஐ.எச்.எம். 1963-இல் தொடங்கியது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. ஐ.எச்.எம்.களின் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்புக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத்தேர்வு உண்டு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத் துறைக்கான மனப்பாங்கு ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். இயற்பியலும் வேதியியலும் கிடையாது. கலைப் பிரிவில் படித்தவர்களும் எழுதலாம். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கத் தொடங்கினால் இந்தத் தேர்வு எட்டாத உயரம் இல்லை. இட ஒதுக்கீடு உண்டு என்பதால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மூன்று வருடம் முடியாது, சமையல் மட்டும் போதும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு ஐ.எச்.எம்.களிலேயே ஒன்றரை ஆண்டு உணவுத் தயாரிப்பு மற்றும் பேக்கரிப் படிப்புகள் இருக்கின்றன. குடும்பக் கஷ்டம் உள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பப் பிள்ளைகள் தாட்கோ (மாநில அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தரமணி ஐ.எச்.எம்.மில் பட்டப்படிப்பும் ஒன்றரை ஆண்டுப் படிப்பும் தாட்கோ செலவில் படிக்கும் திட்டத்தை அவ்வப்போது அறிவிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் அதில் இடம் வைத்திருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்பு, பேக்கரி ஆகிய பிரிவுகள் ஓராண்டுப் படிப்பாக உள்ளன. கட்டணம் மிகக் குறைவு, சான்றிதழுக்கு நாடு முழுவதும் மதிப்பு உண்டு. ஏனோ நம் ஊரில் ஐ.டி.ஐ. என்றால் ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும்தான் நினைவுக்கு வருகிறது.

முழுக்க முழுக்கச் சமையற்கலையிலேயே பட்டம் வேண்டும் என்றால் திருப்பதியிலும் நொய்டாவிலும் இந்தியன் கலினரி இன்ஸ்டிடியூட் இருக்கிறது. மணிப்பாலிலும் படிக்கலாம், செலவு அதிகம். இவை தவிர, கலை அறிவியல் கல்லூரிகளில் கேட்டரிங் சயின்ஸ் பட்டப்படிப்பு கோவை, மதுரை, திருச்சி எங்கும் கிடைக்கிறது. இவற்றில் நல்லதும் உண்டு, பெயருக்கு நடப்பதும் உண்டு. எப்படிப் பிரித்தறிவது?

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாள்

வேலை நாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். அட்மிஷன் அறையில் உட்கார வைத்து காபி கொடுத்து ஆல்பம் காட்டுவார்கள். காபியைக் குடித்துவிட்டு, ட்ரெய்னிங் கிச்சனைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இன்று முடியாது என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் மூக்கைக் கேளுங்கள். தினமும் சமையல் நடக்கும் இடத்தில் வெங்காயமும் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசம் சுவரிலேயே ஊறியிருக்கும். பினாயில் வாசம் மட்டும் வந்தால் அங்கே அடுப்பு எப்போதாவதுதான் எரிகிறது. பிறகு பர்னர்களை எண்ணுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை மாணவர்கள், எத்தனை அடுப்பு? இரண்டு பேருக்கு ஒரு அடுப்பு என்றால் தாராளம். நாலு பேருக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஒருவர் சமைக்க மற்றவர்கள் நோட்டில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டோரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி: ஒரு பிராக்டிகலுக்கு மாணவருக்கு எவ்வளவு சாமான் தருகிறீர்கள்? இதற்கு இன்டென்ட் என்று பெயர். நான் முதல் வருடம் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே முப்பத்தெட்டு பேருக்கு இரண்டு கோழி வரும். கோழியை எட்டாக வெட்டுவது எப்படி என்று ஆசிரியர் வெட்டிக் காட்டுவார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். வருடம் முடிந்தபோது கோழியின் தொடை மூட்டு எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியவில்லை. தெரியும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பிறகு ட்ரெய்னிங்குக்குப் போன ஹோட்டலில் முதல் நாளே நாற்பது கோழியை முன்னால் வைத்தார்கள். அன்று பட்ட அவமானத்தை இன்னொரு பிள்ளை படக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மொத்தமாகச் சமைத்துப் பழகும் பெரிய கிச்சன் தனியாக இருக்கிறதா, பேக்கரிக்கு நல்ல ஓவன் இருக்கிறதா, சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஹோட்டலில் வேலை செய்தவர்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல் என்றெல்லாம் கேளுங்கள். வெளியே வந்து, கேட் பக்கத்து டீக்கடையில் நிற்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் இதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சரி.

கட்டணத்தில் கல்விக் கட்டணம் மட்டும் இல்லை. யூனிஃபார்ம், ஷூ, கத்திப் பெட்டி, பிராக்டிகல் கட்டணம், ட்ரெய்னிங் ஏற்பாட்டுக் கட்டணம் என்று தனித்தனியாக வரும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் சேருவதற்கு முன்பே வங்கியில் அந்தக் கல்லூரியின் பெயரையும் படிப்பையும் சொல்லிக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பென்றால் மேனேஜரே தயங்குவார். அந்தத் தயக்கம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை.

முதல் செமஸ்டர்: கை, கத்தி, சொல்

நம் வீடுகளில் அரிவாள்மணையில் கத்தி நிலையாக நிற்கும், காய் நகரும். கல்லூரியில் காய் நிற்கும், கத்தி நகரும். பரம்பரையாக வந்த கைப்பழக்கத்தைத் திருப்பிப் போடுவது என்பதால் முதல் மாதம் எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். கத்தியின் கைப்பிடியை மட்டும் பிடிக்காமல், அலகு தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, விரல் கணு கத்தியைத் தொடும்படி வையுங்கள். மெதுவாக நறுக்குங்கள். வேகம் தானாக வரும். வேகத்தை முதலில் தேடினால் விரல் போகும். எட்டு அங்குலக் கத்தி ஒன்று போதும். பன்னிரண்டு கத்தி உள்ள பெட்டியை வாங்கச் சொன்னாலும், நீங்கள் தினமும் எடுக்கப்போவது அந்த ஒன்றையும் ஒரு பீலரையும்தான். மழுங்கிய கத்திதான் வழுக்கி வெட்டும். தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வரும். ஜூலியன் என்றால் தீக்குச்சி மாதிரி மெல்லிய நீளத் துண்டு. புருன்வாஸ் என்றால் மூன்று மில்லிமீட்டர் அளவில் பொடிச் சதுரம். மீர்ப்வா என்றால் வெங்காயம், கேரட், செலரி சேர்ந்த வாசக்கலவை. தமிழ்வழிப் பிள்ளைகள் இந்த இடத்தில் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம். இந்தச் சொற்கள் ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கும் புதியவைதான். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடுகிறீர்கள். ஒரு சின்ன நோட்டில் சொல்லைத் தமிழில் ஒலித்தபடி எழுதி, பக்கத்தில் நம் வீட்டில் அதற்கு இணையானதை எழுதிவையுங்கள்.

"மீஸான் பிளாஸ்" என்பது அடுப்பு பற்றவைப்பதற்கு முன் எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, எடுத்து வைத்துக்கொள்வது. நம் கல்யாண வீடுகளில் முந்தின நாள் இரவே காய் நறுக்கி, மசாலா அரைத்து, தேங்காய் துருவி மூடி வைத்துவிடுவார்களே, அதேதான். கான்சொமே என்ற தெளிந்த சூப்பை முட்டையின் வெள்ளைக்கருவால் வடிகட்டித் தெளிய வைப்பார்கள். தெளிவுக்காக இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று தோன்றினால், நல்ல ரசத்தின் மேல்தெளிவை நம் பாட்டிகள் எவ்வளவு பொறுமையாக இறுத்து எடுத்தார்கள் என்று நினைத்துப்பாருங்கள்.

சூப்புக்கும் சாஸுக்கும் அடிப்படையான எலும்புச் சாறு, அதாவது ஸ்டாக் வைக்கும்போது ஒரு பாடம் கிடைக்கும். எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெல்லக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, நுரையை எடுத்துக்கொண்டே, தளதளவென்று கொதிக்க விடாமல் வைத்திருக்க வேண்டும். கோழி எலும்புக்கு மூன்று நான்கு மணி நேரம், மாட்டெலும்புக்கு அதைப்போல இரண்டு மடங்கு. மூடிவைத்துக் கொதிக்கவிட்டால் கலங்கிப்போகும், திருப்பிச் சரிசெய்வது கஷ்டம். வெள்ளை சாஸுக்கு வெண்ணெயும் மைதாவும் சம எடை. ரொட்டிக்கு மாவை நூறு என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் அறுபது, உப்பு இரண்டு. இந்த விகிதங்களை மனப்பாடம் செய்தால் பாதி சமையல் குறிப்புகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஒரு கிலோ மாவானாலும் ஐம்பது கிலோ மாவானாலும் கணக்கு ஒன்றுதான்.

மாணவர்கள் தூங்கிவழியும் பாடம் உணவுப் பாதுகாப்பு. நான் அதைத்தான் முதல் பாடமாக வைப்பேன். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை ஆபத்தான இடைவெளி. கிருமிகள் பெருகும் சூடு அது. சமைத்ததை ஒன்று 60-க்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேகமாகக் குளிரவைக்க வேண்டும். 60-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்கு வர வேண்டும். நூறு லிட்டர் அண்டாவில் மூடிவைத்த சாம்பார் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. ஆழமில்லாத ட்ரேக்களில் பரப்பினால்தான் வரும். வடித்த சோற்றிலும் இதே ஆபத்து உண்டு. அரிசியில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பான சோற்றில் மறுபடி முளைத்து நஞ்சை உண்டாக்கும். சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. கோழியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டதா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். யாரோ ஒருவருடைய குழந்தை நம் கையால் செய்ததைச் சாப்பிடப்போகிறது.

கையைச் சுட்டுக்கொள்வீர்கள், எல்லோரும் சுட்டுக்கொள்வோம். சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் வையுங்கள். பேஸ்ட், மை, மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். ஐஸ் கட்டியும் வைக்கக்கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்

ஒரு தட்டுக்கு ஆகும் பொருள் செலவு 60 ரூபாய், விற்பது 200 ரூபாய் என்றால் உணவுச் செலவு 30 சதவீதம். மீதி 140 ரூபாயில்தான் வாடகை, சம்பளம், எரிவாயு, மின்சாரம் எல்லாம். ஒரு கிலோ மீன் வாங்கினால் தலை, செதில், குடல் போக நிற்பது எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். அந்த நின்ற எடைக்குத்தான் விலை போட வேண்டும், வாங்கின எடைக்கு அல்ல. என் கூடப் படித்தவர்களில் என்னைவிட நன்றாகச் சமைத்த இரண்டு பேர் கடை வைத்து மூடினார்கள். அவர்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கைப் போடவில்லை.

ட்ரெய்னிங்: படிப்பின் உண்மையான நடுப்பகுதி

பட்டப்படிப்பில் நான்கைந்து மாதம் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். நான்கு பிரிவுகளிலும் சுற்றவிடுவார்கள். கிச்சனில் கூடுதல் நாள் வேண்டும் என்றால் முதல் வாரத்திலேயே ட்ரெய்னிங் மேனேஜரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்காதவர்களை ஆள் குறைவான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெரிய பெயருள்ள ஹோட்டல்தான் நல்லது என்பதில்லை. பெரிய ஹோட்டலில் ஒழுங்கையும் பெரிய அளவு விருந்துச் சமையலையும் பார்க்கலாம், ஆனால் கேரட் சீவியே மாதம் போய்விடலாம். நடுத்தர ஹோட்டலில் ஆள் குறைவு, அதனால் உங்கள் கையில் சீக்கிரம் கரண்டி வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

பிரிவுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பொறுப்பாளர், அவருக்குக் கீழே படிப்படியாக ஆட்கள் என்ற முறையை பிரெஞ்சுச் சமையலர் எஸ்கோஃபியே வகுத்தார். இன்றைக்கும் ஹோட்டல்களில் அதன் சாயல்தான். கீழே கமி எனப்படும் உதவிச் சமையலர், அதற்கு மேல் ஒரு பிரிவைப் பார்க்கும் சி.டி.பி., பிறகு துணைத் தலைமையான சூ செஃப், மேலே எக்சிக்யூட்டிவ் செஃப். பயிற்சி மாணவர் கமிக்கும் கீழே. சந்தேகத்தைப் பக்கத்தில் இருக்கும் கமியிடம் கேளுங்கள். பத்து வருடம் ஒரே தந்தூர் அடுப்பில் நிற்கும் மாஸ்டருக்குப் பட்டம் இருக்காது, ஆனால் மாவு இன்று ஏன் இழுக்கிறது என்று தொட்டதும் சொல்வார். அவருக்கு வணக்கம் சொல்லி, மாவு மூட்டை தூக்கிக்கொடுத்துப் பழகுங்கள். கல்லூரி சொல்லித்தராததில் பாதியை அவர் சொல்லித்தருவார்.

சட்டைப் பையில் சின்ன நோட்டு, பேனா, மார்க்கர் எப்போதும் இருக்கட்டும். எதை டப்பாவில் போட்டாலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். சூடான பாத்திரத்தோடு ஒருவர் பின்னால் நடந்தால் "பின்னாடி!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். வழுக்காத, முன்பக்கம் கெட்டியான ஷூவுக்குச் செலவு செய்யுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம்.

கிச்சனில் குரல் உயரும். வேலை முடியும் அவசரத்தில் ஒருவர் சத்தம் போடுவது ஒன்று. அடிப்பது, சாதியைச் சொல்லிப் பேசுவது, தொடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெண் பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சேர்ந்த முதல் நாளே அந்தக் குழுவில் இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி ஏற்பாடு உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெண் என்றால் பேக்கரிக்கும் சாலட் பிரிவுக்கும் அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேக்கரி எனக்குப் பிடித்துப்போனது, இன்று என் பிழைப்பும் அதுதான். உங்களுக்கு அடுப்புதான் வேண்டும் என்றால் அடுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுச் சமையலை மறந்துவிடாதீர்கள்

மூன்று வருடம் பிரெஞ்சு சாஸும் பஞ்சாபி கிரேவியும் கற்று முடிக்கும்போது, நம் ஊர்ச் சாப்பாடு சாதாரணமாகத் தோன்றத் தொடங்கும். எனக்கும் தோன்றியது. விஜய் குமார் என்ற செஃபைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்து கிராமத்துப் பின்னணி. இன்ஜினியரிங் கட்டணம் கட்ட வசதியில்லாமல் திருச்சியில் கேட்டரிங் படித்தவர். நியூயார்க்கில் அவர் பொறுப்பில் இருக்கும் செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டலை வைத்தார். வயலில் பொறுக்கி வந்து வீட்டில் சமைத்த நத்தை. 2025-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருது, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று அவருக்குக் கிடைத்தது. வேட்டி கட்டிக்கொண்டுபோய் வாங்கினார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தராசையும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவோ ஆச்சியோ சமைக்கும்போது அவர்கள் கை எடுக்கும் உப்பை ஒரு கிண்ணத்தில் வாங்கி நிறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். புளி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி, எந்த நிமிடத்தில் மல்லித்தூள் விழுகிறது என்று எழுதுங்கள். என் அம்மாவின் சொதிக்கு இப்படி ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். அவர் இல்லாத இந்த நான்கு வருடத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வைக்கிறேன். கிட்டத்தட்ட வருகிறது.

வேலை தேடும்போது

ஹோட்டல் மட்டுமே வாய்ப்பு அல்ல. மருத்துவமனைச் சமையல்கூடங்கள், விமானத்துக்கு உணவு தயாரிக்கும் ஃப்ளைட் கிச்சன்கள், பெரிய நிறுவனங்களின் கேன்டீன்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் ரயில்களில் உணவைக் கண்காணிக்கும் ஹாஸ்பிட்டாலிட்டி மானிட்டர் வேலைக்கு இந்தப் பட்டம் படித்தவர்களை நேர்காணல் வைத்து எடுக்கிறது. இவற்றில் வேலை நேரம் ஹோட்டலைவிட ஒழுங்காக இருக்கும். குழந்தை உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம்.

முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கூடப்படித்து வேறு துறைக்குப் போன நண்பர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு மனம் உடைந்து, முதல் வருடத்திலேயே வெளியேறுகிறவர்கள் நிறைய. கையில் வருவது எவ்வளவு, பி.எஃப். உண்டா, சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டா, தங்குமிடம் உண்டா என்று நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறாமல், முதல் இடத்தில் ஒன்றரை வருடமாவது இருந்தால் ஒரு பிரிவு முழுதாகக் கைக்கு வரும்.

கப்பல் வேலை, வளைகுடா வேலை என்று ஏஜென்ட்கள் கல்லூரி வாசலிலேயே நிற்பார்கள். நல்ல வேலைகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், வெளிநாட்டு வேலை ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்திலும், கப்பல் ஏஜென்ட்டுக்கு கப்பல் போக்குவரத்து இயக்ககத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்காணலில் பேச்சு பாதிதான், மீதி ட்ரையல். பெரிதாக எதையும் கேட்கமாட்டார்கள். ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கச் சொல்வார்கள், ஒரு ஆம்லெட் போடச் சொல்வார்கள், ஒரு வெள்ளை சாஸ் வைக்கச் சொல்வார்கள். சாஸைச் சுவைத்துப் பார்த்த அதே கரண்டியை மறுபடி பாத்திரத்துக்குள் விடுகிறீர்களா, பச்சை முட்டையைத் தொட்ட கையைக் கழுவினீர்களா, ஆம்லெட் போடும்போது தட்டைச் சூடாக்கி வைத்திருந்தீர்களா என்றெல்லாம் செஃப் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நானும் இப்போது ஆள் எடுக்கும்போது அப்படித்தான் நிற்கிறேன். முடித்ததும் பலகையைக் கழுவித் துடைத்து, கத்தியை ஈரமில்லாமல் உறையில் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.